சொன்னது 15,000, இறங்கியது 14,000
வாசகர் கேள்வி – பதில்

ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதிய விபத்துக்கு, பைலட்டுக்கு இங்கிலீஷ் தெரியாததுதான் காரணம் என்று தில்லியில் இன்றும் பேசுகிறார்கள். அவ்வளவுதானா?
– வாசகர், முனிர்கா, புது தில்லி

பாதி சரி. 1996 நவம்பர் 12 மாலை, தில்லியிலிருந்து கிளம்பிய சவுதியா ஜம்போவுக்கு 14,000 அடி வரை ஏற அனுமதி. எதிரே வந்த கஜகஸ்தான் இல்யூஷினுக்கு 15,000 அடி வரை இறங்க அனுமதி. நடுவில் 1,000 அடி. விதிப்படி அது போதும். எதிரில் சவுதியா 747 வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்ற கன்ட்ரோலர், அது லெவல் 140-ல், அதாவது 14,000 அடியில், வருவதையும் சொன்னார். இல்யூஷின் 15,000-ல் நிற்காமல் கீழே வந்தது. இறந்தவர்கள் 349 பேர்.

அனுமதியில்லாமல் 14,000-க்கு இறங்கியதே மூலக் காரணம் என்றது நீதிபதி லகோட்டி கமிஷன். ஆங்கிலம் போதாமல் கட்டளையைத் தவறாகப் புரிந்துகொண்டதைத் துணைக் காரணங்களில் ஒன்றாக வைத்தது. ஆனால் காக்பிட்டில் யார் பேசினார் என்று பாருங்கள். ஓட்டியவர் அல்ல, ரேடியோ ஆபரேட்டர். அவருக்கு முன்னால் உயரமானி கிடையாது. பைலட்டுகளின் தோளுக்கு மேல் எட்டித்தான் பார்க்க வேண்டும். கேட்கிற காது ஓரிடம், இறக்குகிற கை ஓரிடம்.

தரையிலும் ஓட்டை இருந்தது. அன்றைய தில்லி ரேடார் விமானம் எங்கே என்று காட்டும், எந்த உயரத்தில் என்று காட்டாது. பைலட் வாயால் சொல்வதுதான் கணக்கு. வருவதும் போவதும் ஒரே வழித்தடம். அதற்குப் பிறகுதான் தடங்களைப் பிரித்தார்கள், உயரம் காட்டும் ரேடார் வந்தது, மோதலை எச்சரிக்கும் டீகாஸ் கருவி கட்டாயமானது.

மொபைலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச முடிகிறதே, விமான ரேடியோவில் ஏன் முடியாது?
– வாசகி, கரோல் பாக்

ஒரே அலைவரிசையில் எல்லாரும் எல்லாரையும் கேட்கட்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பக்கத்து விமானத்துக்குச் சொன்னதும் நம் காதில் விழுவது ஒரு பாதுகாப்பு. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, பழைய ஏ.எம். முறை. பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். இருவர் ஒன்றாக அழுத்தினால் ‘கீஈஈ’ என்று ஊளை. எஃப்.எம். என்றால் பலமான குரல் மற்றதை விழுங்கிவிடும். இன்னொருவர் பேசியதே தெரியாது. அந்த வகையில் ஊளை மேல்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரிஃப் தீவு விமான நிலையம். மூடுபனி. அனுமதி வருமுன்பே ஓடத் தொடங்கிய கே.எல்.எம். விமானத்துக்கு கோபுரம் ‘ஓகே’ என்று தொடங்கி, காத்திரு என்றது. அதே நொடியில் இன்னொரு விமானமான பான் ஆம், நாங்கள் இன்னும் ரன்வேயில் இருக்கிறோம் என்றது. இரண்டு பேச்சும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, ‘ஓகே’க்குப் பிறகு கே.எல்.எம். காக்பிட்டில் கேட்டது பெரும்பாலும் ஊளைதான். ரன்வேயில் இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் போனார்கள். இன்று ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை அந்த அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே கன்ட்ரோலர் சொல்வார். மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’.

மகள் பைலட் பயிற்சிக்குப் போகிறாள். தமிழ் உச்சரிப்பு ரேடியோவில் இடைஞ்சலாகுமா? வீட்டிலேயே என்ன பழகலாம்?
– வாசகி, ஆர்.கே. புரம்

உச்சரிப்பை விடுங்கள். 3-ஐ ‘ட்ரீ’, 5-ஐ ‘ஃபைஃப்’, 9-ஐ ‘நைனர்’, ஆயிரத்தை ‘டௌசண்ட்’ என்று சொல்லச் சொல்வது சர்வதேச விதியே. ‘ட்ரீ’ நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! ஆங்கிலத்தில் குறைந்தது நான்காம் நிலைத் தேர்ச்சி வேண்டும். அந்த நிலையில் நின்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு.

பழக வேண்டியது எண்களை: திசை (ஹெடிங்), வேகம், உயரம். நீங்கள் ஒரே மூச்சில் “ஹெடிங் டூ ஃபைஃப் ஜீரோ, ஸ்பீட் டூ ஒன் ஜீரோ, டிசென்ட் ஃப்ளைட் லெவல் ஒன் ஒன் ஜீரோ” என்று படியுங்கள். அவள் எழுதி, திருப்பிச் சொல்லட்டும். முதல் வாரம் 250-ம் 210-ம் இடம் மாறும். அடுத்து, வேண்டுமென்றே அவள் தவறாகச் சொல்லட்டும். நீங்கள் பிடிக்கிறீர்களா பாருங்கள். இது இன்னும் கடினம். கன்ட்ரோலர் எதிர்பார்ப்பது சரியான பதிலை. அதனால் தவறும் சரியாகவே கேட்கும்.

1989-ல் கோலாலம்பூர் சுபாங்கில் இறங்க வந்த சரக்கு விமானத்துக்கு ‘டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’, அதாவது 2,400 அடி, என்றார்கள். பைலட் காதில் ‘டு 400’. ‘ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்று திருப்பியும் சொன்னார். யாரும் திருத்தவில்லை. குன்றில் மோதி நால்வரும் இறந்தார்கள். எண்ணுக்கு முன் ‘ஆல்டிடியூட்’ என்ற சொல் விழுந்திருந்தால் அந்த ‘டூ’ வழுக்கியிருக்காது.

இன்னொன்று: ‘ரோஜர்’ என்றால் ‘சரி’ அல்ல, ‘கேட்டேன்’. ‘செய்கிறேன்’ என்பதற்கு ‘வில்கோ’, ‘ஆமாம்’ என்பதற்கு ‘அஃபர்ம்’. உயரம், ஹெடிங், வேகம், ரன்வே அனுமதி, ஆல்டிமீட்டர் அளவு இவற்றுக்கு வெறும் ரோஜர் செல்லாது; எண்ணோடு, கால்சைனோடு (விமானத்தின் ரேடியோ அழைப்புப் பெயர்) திருப்பிச் சொல்ல வேண்டும். தில்லியில் 28, 29 லெஃப்ட், 29 ரைட் என ரன்வேக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கடைசிச் சொல்லை விழுங்கினால் வேறு ரன்வே ஆகிவிடும். சந்தேகமா? ‘சே அகெய்ன்’.

ரேடியோ முழுக்கச் செத்துவிட்டால்?
– வாசகர், மயூர் விஹார்

முதலில் வால்யூம், ஹெட்செட் பிளக், மைக் பட்டன் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிக்கிய பட்டன் ஒன்றே மொத்த அலைவரிசையையும் அடைத்துவிடும். பிறகு முந்தைய அலைவரிசை, இரண்டாவது ரேடியோ, அவசர அலைவரிசை 121.5. எதுவும் பலிக்காவிட்டால், ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7600 என்ற குறியீடு. ரேடார் திரையைப் பார்ப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். ஓடுதளம் கண்ணில் பட்டபின் கோபுரத்து விளக்கு பேசும்: அணையாத பச்சை என்றால் இறங்கலாம், அணையாத சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.