பதில்: கோஸ்டா ரிகா தேக்குத் தோட்டம் – பணம் போடலாமா?

வணக்கம். 8 வயதுத் தோட்டம், ஹெக்டேருக்கு இன்னும் 1,000 மரம், 20ஆம் ஆண்டில் 500 கனமீட்டர் என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

3×3 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 1,111 கன்று. 4 முதல் 6 ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதியை வெட்டி நீக்க வேண்டும். கடைசி அறுவடைக்கு 200 மரம் அளவில் நின்றால் போதும். நெருக்கம் குறைக்காவிட்டால் மேல்தழை சுருங்கி, மரம் ஒல்லியாக உயரும். பிறகு இடம் விட்டாலும் பருமன் எளிதில் கூடாது. என் கவலை முதலில் இதில்தான்.

500 கனமீட்டர் வர ஆண்டுக்கு 25 கனமீட்டர் வளர வேண்டும். நல்ல மண்ணில்கூட 10 என்று கணக்கிடுவதே நிதானம். அதிலும் இளமரத்தில் வெள்ளைப்பகுதி (பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம்) அதிகம், வைரம் (நடுவிலுள்ள முற்றிய மரம்) குறைவு. முதிர்ந்த தேக்கின் விலையை இதற்குப் போட்டுக் கணக்குக் காட்டினால் நம்பாதீர்கள்.

விற்பவரைச் சாராத வன அளவையாளரை அனுப்புங்கள். 12.62 மீட்டர் ஆரமுள்ள வட்டம் 500 சதுர மீட்டர். அப்படிப் பல இடங்களில் வட்டம் போட்டு, அதற்குள் நிற்கும் மரங்களின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்கட்டும். சாலையோர மரங்களை மட்டும் அளந்தால் கணக்கு ஏமாற்றும்.

எஃப்.எஸ்.சி. (காடுகளுக்குச் சான்று தரும் சர்வதேச அமைப்பு) சான்று இருந்தாலும், அது தோட்ட மேலாண்மைக்குத்தான், லாபத்துக்கு அல்ல. சான்று எண்ணைப் பொதுத் தரவுத்தளத்தில் தேடி, உங்கள் நிலம் அதன் வரம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயருக்கு வருவது நிலமா, மரமா, வெறும் ஒப்பந்தமா? நிலம் என்றால் அந்நாட்டுத் தேசியப் பதிவகத்தில் உரிமையையும் அடமானத்தையும் சொந்த வழக்கறிஞர் மூலம் சரிபார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.