கூப்பிட்டால் பத்தடி தள்ளி நிற்கும் நாய்

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டு மாதச் சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. கேட் திறந்திருந்தால் ஓடிவிடும். ஆடு, கோழி எதைக் கண்டாலும் துரத்தும். திரும்பி வந்ததும் மாமனார் குச்சியால் நாலு போடுவார். இப்போது 'வா' என்று கூப்பிட்டால் பத்தடி தள்ளி நின்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "செய்த தப்பு அதற்கே தெரியும்" என்கிறார் மாமனார். அடிக்காமல் பழக்க முடியுமா? - கோவில்பட்டி வாசகி

பதில்: முடியும். முதலில் நடந்ததை நாயின் பக்கமிருந்து பாருங்கள். ஆட்டைத் துரத்தியது, குஷியாக இருந்தது. களைத்துப்போய் வீட்டுக்கு வந்தது, அடி விழுந்தது. ஓடியதற்காக அடித்ததாக மாமனார் நினைக்கிறார். நாயின் கணக்கில் அது வீட்டுக்கு வந்ததற்குக் கிடைத்த அடி. ஒரு செயலுக்கு அடுத்த ஓரிரு நொடிகளில் என்ன நடக்கிறதோ, அதைத்தான் நாய் அந்தச் செயலோடு முடிச்சுப் போடும். அரை மணி நேரத்துக்கு முந்தைய ஆடு அந்தக் கணக்கிலேயே இல்லை.

முகத்தைத் திருப்புவது, காதை மடிப்பது, உதட்டை நக்குவது எல்லாம் குற்ற உணர்வு மாதிரி நமக்குத் தெரியும். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லியிருந்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்று உரிமையாளர்களிடம் சில முறை மாற்றிச் சொன்னார். தின்றதோ இல்லையோ, திட்டு வாங்கியபோதுதான் நாய்கள் அந்த முகத்தை அதிகமாகக் காட்டின. உங்கள் நாயும் 'கோபப்படாதே' என்றுதான் சொல்கிறது.

இனி 'வா' என்ற சொல்லை விட்டுவிடுங்கள், அது கெட்டுப்போய்விட்டது. புதுச் சொல் ஒன்று எடுங்கள். 'ஓடியா' நன்றாக இருக்கும், வாயில் தானாக வரும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைக் கொண்டைக்கடலை அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணித் துண்டு கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. திராட்சையும் சாக்லேட்டும் விஷம்.

முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும். இரண்டடி தூரத்தில் நின்று 'ஓடியா' என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். உங்கள் பக்கம் திரும்பிய நொடியிலேயே 'சபாஷ்', வந்ததும் கறி. அப்புறம் கழுத்துப்பட்டையை லேசாகத் தொட்டு, இன்னொரு துண்டு கொடுத்து, விட்டுவிடுங்கள். இந்த 'விட்டுவிடுவது' முக்கியம். வந்தால் சங்கிலிதான், வந்தால் குளியல்தான் என்றால் எந்த நாய் வரும்? மூன்று நிமிடம் போதும், நாளுக்கு மூன்று நான்கு தடவை. கறி கொடுத்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் தவறாமல் வந்தால் கொல்லைப்புறம். அங்கும் சரியானால், பத்து மீட்டர் கயிற்றோடு ஆளில்லாத வெட்டவெளி. கயிற்றை ஹார்னஸில், அதாவது நெஞ்சைச் சுற்றிப் பூட்டும் வாரில், கட்டுங்கள். சிப்பிப்பாறைக்குத் தலை குறுகல், சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்வாங்கியே கழற்றிவிடும்; வேகமாக ஓடிக் கயிறு தீர்ந்தால் கழுத்தும் அடிபடும். கயிறு, நாய் ஓடிவிடாமல் தடுக்கத்தான்; அதைப் பிடித்து இழுத்து வரவழைத்தால் மறுபடி பழைய கதைதான். வரவில்லையா? திரும்பி எதிர்ப்பக்கம் ஓடுங்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது, பின்னாலேயே வரும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தலைமுறை தலைமுறையாக முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம் இது. கண்ணில் பட்டதைத் துரத்தத் தொடங்கிவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது, கோழிக்கறியும் எடுபடாது. கூப்பிட வேண்டிய தருணம் அதற்கு முன்னால்: காது விறைத்து, உடம்பு அசையாமல் நிற்கும் அந்த ஒரு நொடி. அதனால் எவ்வளவு பழக்கினாலும் கேட்டுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். முடிந்தால் வாசலில் உள்பக்கமாக இடுப்புயரத் தடுப்பு ஒன்று வையுங்கள்; தாண்டும் என்றால் இன்னும் உயரமாக. ஆடு மேய்கிற இடத்தில் கயிறில்லாமல் விடவே விடாதீர்கள்.

என்றாவது தப்பி ஓடி, ஒரு மணி நேரம் கழித்து வந்து நின்றாலும் கறி உண்டு. எரிச்சலாகத்தான் இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கொடுங்கள்.

மாமனாருக்கு வருவோம். அவரிடம் விவாதம் வேண்டாம், கறிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். குச்சியை நாயின் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டு, நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்து, நாயைப் பார்க்காமல் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் போடச் சொல்லுங்கள். கூப்பிட வேண்டாம், கை நீட்டவும் வேண்டாம். முதல் நாள் தூரமாக நின்று எடுத்துக்கொண்டு ஓடும். நாளாக ஆகத் தூரம் குறையும். அது தானாக அவர் முழங்காலை முகர்ந்து பார்க்கும் நாளில், அவரையே முதல் 'ஓடியா'வைச் சொல்லச் சொல்லுங்கள்.