போனை வைத்துவிட்டுப் பேசலாம்: மோசடி பற்றிய கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான், ஆள்தான் வேறு. அவற்றுக்கு ஒருமுறை பதில் சொல்கிறேன். எதில் முதலீடு செய்யலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அது என் துறை இல்லை.

கேள்வி (முகில்): அக்கா, நன்றாகப் படித்தவர்களே ஓடிபியைச் சொல்லிவிடுகிறார்களே, எப்படி? அந்த மெசேஜிலேயே "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. அது மோசடிக்காரனுக்கும் தெரியும். அதனால் மெசேஜ் வருவதற்கு முன்பே அவனே அதைச் சொல்லிவிடுவான். "இப்போது உங்களுக்கு ஒரு எண் வரும் சார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று போட்டிருக்கும். வெளியாட்களிடம்தான் சொல்லக்கூடாது. போய்க்கொண்டிருக்கும் பணத்தை நிறுத்த எனக்கு அந்த எண் வேண்டும்." சொன்னபடி மெசேஜ் வருகிறது. சொன்னபடி எச்சரிக்கையும் இருக்கிறது. அவன் பேச்சுக்கு அந்த எச்சரிக்கையே சாட்சியாகிவிடுகிறது.

அந்த நேரத்தில் அவன் வங்கியின் உண்மையான தளத்தில், உங்கள் பெயரில், ஓடிபி கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த எண் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். "சீக்கிரம் சார், சீக்கிரம்" என்று பதறுவதில் நடிப்பே கிடையாது. அவசரம் அவனுடையது, அதை உங்கள் தலையில் ஏற்றிவிடுகிறான்.

இதற்கு முன்னால் இரண்டு வேலை நடந்திருக்கும். முதலில் பயம்: "உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கிறது." பயந்த மனசுக்கு ஒரே விஷயம்தான் கண்ணில் படும். பிறகு சின்னச் சின்ன ஆமாம்கள். பெயர் இதுதானே? கார்டின் கடைசி 4 எண் இதுதானே? எல்லாம் எங்கோ கசிந்த பட்டியலில் இருந்தவை. நாலு தடவை ஆமாம் என்றவருக்கு ஐந்தாவது தடவை இல்லை என்று சொல்ல வாய் வராது. நடுநடுவே "லைனைக் கட் பண்ணாதீர்கள், வீட்டில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்." இதுதான் உயிர்நாடி. பக்கத்தில் ஒருவர் "யார் போனில்?" என்று கேட்டாலே ஆட்டம் கலைந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

படிப்புக்கு இதில் சலுகை கிடையாது. தனக்கு நடக்காது என்று நம்புகிறவர் சரிபார்ப்பதையும் விட்டுவிடுகிறார், அவ்வளவுதான்.

கேள்வி (வாசலோரம்): வங்கியின் எண்ணே திரையில் வந்தது. அப்போதும் நம்பக்கூடாதா?

பதில்: கூடாது. திரையில் தெரியும் எண்ணை அழைப்பவர் பக்கம் மாற்றி அனுப்ப முடியும். மெசேஜ் அனுப்பியவர் பெயரும் அப்படித்தான். போலி மெசேஜ், வங்கியின் பழைய உண்மையான மெசேஜ்களுக்குக் கீழேயே போய் வரிசையாக உட்காரும்.

போனை வையுங்கள். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணில் நீங்களே கூப்பிடுங்கள். மெசேஜில் வந்த எண்ணோ, கூகுளில் தேடி மேலே வந்த எண்ணோ வேண்டாம். போலி கஸ்டமர் கேர் எண்களை விளம்பரமாகப் போட்டு மேலே கொண்டுவருகிறார்கள். தரைவழி போன் என்றால் வேறு போனிலிருந்து கூப்பிடுங்கள். சில இணைப்புகளில் அழைத்தவன் வைக்கும்வரை லைன் அறுந்துபோகாது. அவன் ரிங் சத்தத்தை ஒலிக்கவிட்டு, "வணக்கம், வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று தானே எடுப்பான்.

கேள்வி (தென்றல்): லிங்க் நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது? பூட்டுப் படம் இருந்தால் போதுமா?

பதில்: பூட்டு சொல்வது ஒன்றே ஒன்று: நீங்கள் அனுப்புவதை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது. போய்ச் சேருமிடம் திருடன் வீடு என்றாலும் பூட்டு தெரியும். பூட்டைக் காட்டவைக்கும் சான்றிதழ் யாருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

முகவரியை இப்படிப் படியுங்கள். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அங்கிருந்து வலமிருந்து இடமாக வாருங்கள். புள்ளிகளுக்கு இடையே உள்ள கடைசி இரண்டு துண்டுகள்தான் சொந்தக்காரரின் முகவரி. "என்வங்கி.காம்.கணக்கு-சரிபார்ப்பு.நெட்/நுழைவு" என்று இருந்தால், தளத்தின் சொந்தக்காரர் "கணக்கு-சரிபார்ப்பு.நெட்". முன்னால் இருக்கும் "என்வங்கி.காம்" வெறும் அலங்காரம், தளத்தை வாங்கியவர் அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நாட்டின் குறியீட்டில் முடியும் சில முகவரிகளில் கடைசி மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதிலும் ஓட்டை உண்டு. சிரிலிக் (ரஷ்ய மொழி எழுதும்) எழுத்து சில, ஆங்கில எழுத்தைப் போலவே இருக்கும். கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் கண்ணைவிட பாஸ்வேர்ட் மேனேஜரை, அதாவது பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் ஆப்பை, நம்புங்கள். வழக்கமாகத் தானே நிரப்பும் தளத்தில் அது சும்மா இருக்கிறதென்றால், முகவரி வேறாக இருக்கலாம் என்று பொருள். அங்கே கையால் தட்டச்சு செய்துவிடாதீர்கள். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக போனின் விரல்ரேகை அல்லது திரைப்பூட்டால் நுழைவது) வசதி தரும் கணக்குகளில் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மையான முகவரியோடு பிணைந்தது, போலித் தளத்தில் வேலையே செய்யாது. ஓடிபி எங்கே கேட்டாலும் வேலை செய்யும். அதுதான் அதன் பலவீனம்.

கேள்வி (பலர்): பார்சல் நிற்கிறது என்று மெசேஜ், கணக்கு முடக்கப்படும் என்று மெசேஜ், பரிசு விழுந்தது என்று மெசேஜ். உண்மையா?

பதில்: லிங்கைத் தொடாமல், அந்த நிறுவனத்தின் ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால் இல்லை.

கேள்வி (நெற்றிக்கண்): எல்லாவற்றையும் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள். பேராசை பெருநஷ்டம், அவ்வளவுதான் விஷயம். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போனது?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். தேர்ந்த மோசடிக்காரன் கேப்பையில் நெய் வடிகிறது என்று சொல்வதில்லை. நெய்யில் நெய் வடிகிறது என்றுதான் சொல்வான்.

1920இல் அமெரிக்காவின் பாஸ்டனில், புதிதாகச் சேர்ந்தவர் பணத்தையே பழையவருக்கு லாபமாகக் கொடுத்த சார்லஸ் பொன்சி, 45 நாளில் 50 சதவீத லாபம் என்றார். அது பேராசைக் கணக்கில் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: ஒரு நாட்டில் மலிவாக வாங்கிய சர்வதேச அஞ்சல் பதில் கூப்பனை இன்னொரு நாட்டில் அதிக மதிப்புள்ள தபால்தலையாக மாற்றலாம். அந்த விலை வித்தியாசம் நிஜமாகவே இருந்தது. விசாரித்துப் பார்த்தவனுக்கும் பாதி உண்மை கையில் கிடைத்தது. மீதிப் பாதியை, அதாவது அத்தனை முதலீட்டுக்கு ஈடாகப் போதுமான கூப்பன் புழக்கத்திலேயே இல்லை என்பதை, கணக்குப் போட்டவர்கள் குறைவு.

2008 டிசம்பரில் கவிழ்ந்த, நியூயார்க் முதலீட்டு நிர்வாகி பெர்னார்ட் மேடாஃபின் திட்டம் இன்னும் தெளிவு. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம், ஏற்ற இறக்கமே இல்லாமல். காகிதத்தில் காட்டிய தொகை ஏறக்குறைய 6,500 கோடி டாலர். அவரிடம் போனவர்களில் பலர் சூதாட விரும்பாத, நிதானமான ஆட்கள். அங்கே தூண்டில் பேராசை இல்லை, நிம்மதி.

கேள்வி (நெற்றிக்கண்): சரி, "நான் நைஜீரிய இளவரசன், என் கோடிகளை வெளியே எடுக்க உதவு, பங்கு தருகிறேன்" என்று வரும் மெயிலை நம்பினவனுக்கு என்ன சொல்வீர்கள்? அது நெய்யா, கேப்பையா?

பதில்: அது சல்லடை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மெயில் அனுப்பச் செலவு இல்லை. பதில் போட்டவரோடு வாரக்கணக்கில் பேசுவதுதான் செலவு. பாதி வழியில் சந்தேகப்படும் ஆள் மோசடிக்காரனுக்கு நஷ்டம். கதை அபத்தமாக இருந்தால் சிரிக்கிறவர்கள் முதலிலேயே போய்விடுவார்கள், மிச்சம் இருப்பவர்களோடு மட்டும் பேசினால் போதும். அந்த மெயில் உங்களுக்காக எழுதப்பட்டதே இல்லை. உங்களுக்கானது வேறு மாதிரி வரும்: உங்கள் மேலாளர் பெயரில், மாதக் கடைசியில், "இந்த பில்லுக்கு மட்டும் கணக்கு எண் மாறியிருக்கிறது" என்று.

கேள்வி (தென்றல்): நெற்றிக்கண் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதே அக்கா?

பதில்: கொஞ்சம் இருக்கிறது. "இது கொஞ்சம் மறைவான வழி, வெளியே சொல்லாதீர்கள்" என்று அழைக்கும் திட்டங்களில், சேருகிறவருக்கும் குறுகுறுப்பு இருக்கும். அந்தக் குறுகுறுப்பால் பிறகு புகார் கொடுக்க மாட்டார். ஆனால் எல்லாவற்றுக்கும் பேராசை என்று சொல்வதில் எனக்குக் கோபம் வருவது வேறு காரணத்தால். "என்னைப் பேராசைக்காரன் என்பார்களே" என்று ஏமாந்தவர் இரண்டு நாள் மூடி வைக்கிறார். போன பணம் முதல் கணக்கில் நிற்கும் நேரம் மணிக்கணக்குதான். அதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. பிறகு நாலு கணக்குத் தாவி, கிரிப்டோ நாணயமாக மாறி, கைக்கெட்டாமல் போய்விடும். உங்கள் பழமொழியால் லாபம் யாருக்கு என்று பாருங்கள்.

கேள்வி (நெற்றிக்கண்): பழமொழியை விட மாட்டேன்.

பதில்: வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்குப் போவோம்.

கேள்வி (கரிசல்): முதலீட்டு ஆப்பில் சேர்ந்தேன். ஒரு தடவை பணம் எடுத்தும் பார்த்தேன், வந்தது. இப்போது மொத்தத்தையும் எடுக்க முன்கூட்டியே வரி கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: கட்டாதீர்கள். முதலில் வந்த சிறு தொகை உங்கள் பணம்தான், அல்லது உங்களைப் போலச் சேர்ந்த வேறொருவருடையது. சந்தேகத்தைத் தீர்க்க அவர்கள் செய்த செலவு அது. திரையில் தெரியும் லாபம் அவர்கள் சர்வரில் தட்டச்சு செய்த எண். நேர்மையான தரகர் கட்டணத்தை இருப்பிலிருந்து கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். உள்ளே இருப்பதை எடுக்க வெளியிலிருந்து புதுப்பணம் கேட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் கொஞ்சம்தானே" என்று மனசு சொல்லும். வரிக்குப் பிறகு அபராதம் வரும், அதற்குப் பிறகு சரிபார்ப்புக் கட்டணம்.

கேள்வி (பெயர் வேண்டாம்): ஓடிபியைச் சொல்லிவிட்டேன். போனில் ஒரு ஆப்பும் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். இப்போது என்ன செய்வது?

பதில்: வரிசை முக்கியம். அந்த போனில் வைபை, டேட்டா இரண்டையும் அணையுங்கள். அவர்கள் இன்னும் உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு கார்டையும் ஆன்லைன் வசதியையும் முடக்குங்கள். பரிவர்த்தனை எண்ணையும் புகார் எண்ணையும் எழுதி வையுங்கள். அடுத்து, வேறு கருவியிலிருந்து முதலில் மெயிலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகே வங்கியினுடையதை. பாஸ்வேர்டை மறந்தால் எல்லாம் மெயிலுக்குத்தான் வரும். மெயில் அமைப்பில், வரும் மெயில்கள் உங்களுக்குத் தெரியாத முகவரிக்குத் தானாகப் போகும்படி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான். அவர்களோடு நடந்த சாட் உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காவல்துறைக்குக் கொடுங்கள். கடைசியாக அந்த ஆப்பை நீக்கி, போனையே ரீசெட் செய்யுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று ஒருவர் தொடர்புகொண்டார், முன்பணம் கேட்கிறார்.

பதில்: அதே கும்பல், அல்லது உங்கள் எண்ணை அவர்களிடம் வாங்கிய கும்பல்.

கேள்வி (மாலைநேரம்): வங்கியின் பெயர் போட்டு மெசேஜ் வந்தது, நம்பலாமா?

பதில்: இரண்டாவது கேள்வி. தயவுசெய்து மேலே படியுங்கள். வையுங்கள், நீங்களே கூப்பிடுங்கள்.

கேள்வி (ஆவாரம்பூ): மகன் குரலிலேயே அழுதுகொண்டு பணம் கேட்டால்?

பதில்: சில விநாடிப் பதிவிலிருந்தே ஒருவர் குரலை நகலெடுக்க முடிகிறது. வையுங்கள், மகனின் வழக்கமான எண்ணில் கூப்பிடுங்கள். எடுக்கவில்லையென்றால் அவன் நண்பரை, மனைவியை. வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் ஏற்கெனவே போட்ட பெயராக மட்டும் அது இருக்கக்கூடாது.

கேள்வி (கரையோரம்): அப்பா ஒரு பெண்ணுடன் ஆறு மாதமாக ஆன்லைனில் பேசுகிறார். பணம் அனுப்புகிறார். ஏமாற்று என்று சொன்னால் எங்களோடு சண்டைக்கு வருகிறார்.

பதில்: "ஏமாந்துவிட்டீர்கள்" என்று சொன்ன நொடியிலேயே உங்களை எதிர்க்கட்சியில் உட்காரவைத்துவிடுவார். அந்தப் பெண்ணும் "உன் பிள்ளைகளுக்கு உன் பணத்தின் மேல்தான் கண்" என்று முன்பே சொல்லி வைத்திருப்பாள். வாதத்தை விடுங்கள். அவரே செய்யக்கூடிய ஒரு சோதனையைக் கொடுங்கள்: வீடியோவில் முகத்துக்கு முன்னால் கையை அசைக்கச் சொல்வது (செயற்கை முகம் என்றால் அப்போது குலையலாம்), புரொஃபைல் படத்தைப் படத்தேடலில் போடுவது. படம் வேறு பெயரில் வேறு ஊர்க்காரராக வந்தால் அதை அவர் கண்ணால் பார்க்கட்டும். எதுவும் வராவிட்டால் அது நற்சான்று இல்லை, செயற்கையாக உருவாக்கிய படம் எங்கேயும் அகப்படாமல் போகலாம்.

இதற்கிடையில் வங்கியில் அவர் சம்மதத்தோடு தினசரி வரம்பைக் குறையுங்கள். புதிதாகச் சேர்க்கும் கணக்குக்குப் பணம் போக ஒரு நாள் தாமதம் வைக்கும் வசதி இருந்தால் கேட்டு வாங்குங்கள். "உங்களைத் தடுக்க இல்லப்பா, அவசரத்தில் எண் தப்பாகப் போய்விடக்கூடாதே" என்று சொன்னால் சம்மதிப்பார்.