மணி அடித்தால் பேச்சை நிறுத்தும் மகள்

கேள்வி: என் மகளுக்கு நான்கரை வயது. கோயிலுக்குள் நுழைந்ததும் தீர்த்தத் தொட்டிக்கு எட்டாவிட்டாலும் எம்பி விரலை நனைத்துச் சிலுவை போடுகிறாள். பூசையில் குரு அப்பத்தை உயர்த்தும்போது ஒலிக்கும் எழுந்தேற்ற மணி அடித்தால் பேச்சை நிறுத்திவிட்டு, கைகூப்பி, முன்பெஞ்சின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பீடத்தையே பார்க்கிறாள். “இந்த வயசில் இவ்வளவு பக்தியா!” என்று சுற்றி இருப்பவர்கள் சொல்லும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படிப் பெருமைப்படுவது பாவமா? அவளோ பூசையில் பெரியவர்கள் வாங்கும் அப்பமான நற்கருணை தனக்கும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். சீக்கிரமே புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்கச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகப் பெருமைப்படுங்கள் அம்மா. பெற்ற வயிறு குளிர்வதையெல்லாம் யாரும் பாவக்கணக்கில் எழுதப் போவதில்லை.

அவள் யாரைப் பார்த்துச் செய்கிறாள் என்று அடுத்த ஞாயிறு கவனியுங்கள். அநேகமாக உங்களைத்தான். பார்த்துச் செய்வதால் அது வெறும் நடிப்பு ஆகிவிடாது. இந்த வயதில் பக்தி கை, கால், முழங்கால் வழியாகத்தான் உள்ளே போகும். சிறுவர் திருப்பலிக்காக (பூசைக்காக) 1973-ல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டியும் சைகைகளும் உடல் நிலைகளும் பிள்ளைகளுக்கு மிக முக்கியம் என்றே சொல்கிறது.

என் கவலையெல்லாம் அந்த “ஆகா” சொல்கிறவர்களைப் பற்றித்தான். மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு பல வருடம் உட்கார்ந்தவள் நான். பாராட்டு கூடக் கூட, மூடின கண்ணில் ஒன்று லேசாகத் திறக்கும். அம்மா செல்போனைத் தூக்கியிருக்கிறாரா என்று பார்க்கும். மனிதர் பார்க்க வேண்டும் என்று ஜெபிப்பதைப் பற்றி மத்தேயு 6-ல் இயேசு சொன்னது பெரியவர்களுக்குத்தான். ஆனால் அந்தப் பழக்கத்தைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது நாம். அதனால் வீடியோ வேண்டாம். விருந்தாளி முன்னால் “கைகூப்பிக் காட்டு செல்லம்” வேண்டவே வேண்டாம். பன்னிரண்டு வயது மகனை ஆலயத்தில் கண்டுபிடித்த பிறகு மரியா எல்லாவற்றையும் தன் உள்ளத்தில் வைத்துக்கொண்டதாகத்தான் லூக்கா எழுதுகிறார். அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிந்ததாக எழுதவில்லை!

வீட்டுக்குப் போகும் வழியில் “நல்ல பிள்ளையா இருந்தே” என்பதற்குப் பதிலாக, “மணி அடிச்சப்போ என்ன பார்த்தே?” என்று கேட்டுப் பாருங்கள். “ஃபாதர் அப்பத்தை மேலே தூக்கினார்” என்பாள். ஏன் தூக்கினார் என்று பேச்சு தானாக நீளும். நீங்கள் பாராட்டுவதைவிட அந்தப் பேச்சு அவளுக்கு அதிகம் உதவும். முன்வரிசையில் உட்காருங்கள், பெரியவர்களின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்குப் பக்தி வரும்?

ஒரு ஞாயிறு அவள் பெஞ்சுக்கு அடியில் புகுந்து செருப்புகளை எண்ணப் போகிறாள். நிச்சயம் நடக்கும். அன்றைக்கு “போன வாரம் எப்படி இருந்தே, எல்லாரும் என்ன நினைப்பாங்க?” என்று கேட்டுவிடாதீர்கள். ஏழு வயது நிறையாத பிள்ளையைத் திருச்சபைச் சட்டமே ஞாயிறு பூசைக் கடமையால் கட்டுவதில்லை.

அப்புறம் புதுநன்மை. முன்பு பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயதுவரைகூடக் காக்க வைத்தார்கள். 1910-ல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர்தான் அதை மாற்றி, விவரம் தெரியும் வயது, அதாவது ஏழு அல்லது அதை ஒட்டிய வயது, போதும் என்றார். எல்லாம் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. விசுவாசத்தின் முக்கியமான விஷயங்களைத் தன் வயதுக்கு ஏற்றபடி அறிந்து, இது சாதாரண அப்பம் இல்லை என்று பிரித்தறிந்தால் சரி. அதற்கு முன் பாவசங்கீர்த்தனமும், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதும், உண்டு.

நான்கரை வயதில் அவசரம் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். கேட்கும்போதெல்லாம் “உனக்கும் ஒரு நாள் உண்டு” என்று சொல்லி, நற்கருணை வரிசையில் கூடவே கூட்டிப் போங்கள். அவளுக்கு ஆறரை வயது ஆகும்போது பங்குத்தந்தையிடம் பேசுங்கள். அவளையும் கூட அழைத்துப் போங்கள். அவர் கேட்கும் கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் இருங்கள்.