பதினெட்டை ரெண்டா வெட்டினா என்ன? (கடிதமும் பதிலும்)

அண்ணா வணக்கம்,

அயோவால ஏழு வருஷமா இருக்கேன். அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால் பத்தி நீங்க எழுதுறத விடாம படிப்பேன். போன கட்டுரைல "பிக் டென்ல டிவிஷன எடுத்தது நல்லதுக்குத்தான்"னு ஒரே வரில சொல்லிட்டு தாண்டிட்டீங்க, எனக்கு ஒப்பல. பிக் டென்ங்கிற நம்ம கான்ஃபரன்ஸ்ல (காலேஜ் டீம்களோட கூட்டமைப்பு) 18 டீம் இருக்கு, கிழக்கு ஒம்பது மேற்கு ஒம்பதுன்னு ரெண்டு டிவிஷனா வெட்டி, ரெண்டு பக்கமும் முதல்ல வர்றவன் ஃபைனல் ஆடட்டுமே, இதுல என்ன கஷ்டம்? இப்ப யார் ஃபைனலுக்கு போறான்னு பாக்க சமமா வந்தவங்கள்ல யார முன்னாடி போடுறதுங்கிற டைபிரேக்கர் ரூல படிச்சா டாக்ஸ் ஃபார்ம் படிக்கிற மாதிரி இருக்கு. 2025-ல ஏசிசிங்கிற இன்னொரு கான்ஃபரன்ஸ்ல, மொத்தம் 7-5ல (ஏழு ஜெயிச்சு அஞ்சு தோத்து) இருந்த டியூக் ஃபைனலுக்கு போய் கப்பையும் தூக்கிட்டு போச்சு. இதுவா நல்லது?

அன்புடன்,
அயோவா வாசகன்

*

அன்பு தம்பிக்கு,

டியூக் விஷயத்துல நான் வாதாடப் போறதில்ல, அது கூத்துதான். 17 டீம், டிவிஷன் கிடையாது, கான்ஃபரன்ஸ் மேட்ச் கணக்குல வர்ஜீனியா 7-1ல மொதல்ல நிக்குது, அதுக்குக் கீழ அஞ்சு டீம் 6-2ல முட்டிக்கிட்டு நிக்குது. கடைசில யாரோட எதிராளிங்க அதிகமா ஜெயிச்சிருக்காங்கன்னு கணக்கு போட்டு டியூக்க எடுத்தாங்க. அதே அஞ்சுல இருந்த மயாமி அந்த ஃபைனலுக்கே போகல, ஆனா நாட்டுக்கே சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற ப்ளேஆஃப்ல நேஷனல் ஃபைனல் வரைக்கும் போச்சு.

ஆனா டிவிஷன் இருந்தா இது நடந்திருக்காதுன்னு நெனைக்கிறீங்க பாருங்க, அங்கதான் நான் சிரிச்சேன். 2012 ஞாபகம் இருக்கா? நீங்க அப்ப இங்க வந்திருக்க மாட்டீங்க. உங்க பிக் டென்லயேதான். அப்ப 12 டீம், லெஜண்ட்ஸ், லீடர்ஸ்னு ரெண்டு டிவிஷன் (யார் எதுலன்னு அந்த மூணு வருஷமும் எனக்கு மனசுல நிக்கவே இல்ல). லீடர்ஸ்ல ஓஹையோ ஸ்டேட் 12-0, ஆனா ஃபைனல் ஆடக்கூடாதுன்னு தடைல இருக்கு. ரெண்டாவது வந்த பென் ஸ்டேட்டும் தடை. மூணாவது விஸ்கான்சின், கான்ஃபரன்ஸ்ல 4-4, மொத்தமா 7-5, ஆமா அதே 7-5தான். அது ஃபைனலுக்கு போய் நெப்ராஸ்காவ 70-31ன்னு துவைச்சு எடுத்துட்டு கப்போட வீட்டுக்கு போச்சு. தடைங்கிறது தனிக்கதை, சரி. ஆனா டிவிஷன் இல்லாம மொத்தமா ஒரே பட்டியல் போட்டிருந்தா 4-4 காரன் அந்தப் பக்கம் தலை வச்சுகூட படுத்திருக்க முடியாது.

இப்ப உங்க ஒம்பது-ஒம்பதுக்கு வருவோம். ஒரு பேப்பர் எடுத்து நீங்களே வெட்டிப் பாருங்க, நான் வெட்டிப் பாத்தேன். மேற்குல யூஎஸ்சி, யூசிஎல்ஏ, ஒரிகான், வாஷிங்டன், இந்த நாலும் 2024ல வந்தவங்க. அப்புறம் நெப்ராஸ்கா, அயோவா, மினசோட்டா, விஸ்கான்சின். எட்டாச்சு. ஒம்பதாவது யாரு? மேப்ல அடுத்து இருக்குறது இலினாய், நார்த்வெஸ்டர்ன், ரெண்டும் ஒரே மாநிலம். ஒண்ண இங்க போட்டா இன்னொண்ண ரட்கர்ஸ், மேரிலாண்ட் கூட கிழக்குல கொண்டு போய் தள்ளணும். இலினாய்க்கு பர்டியூவும் பழைய பங்காளி, பர்டியூ இருக்குறது கிழக்குல. ஆக இலினாய எந்தப் பக்கம் வச்சாலும் ஒரு சண்டை அறுந்துடும். சரி நார்த்வெஸ்டர்ன்தானே போகட்டும்னு சொல்லிடாதீங்க, அவங்க ஆளும் எனக்கு லெட்டர் போடுவாங்க.

இதவிட பெரிய சிக்கல் எண்ணிக்கைல இருக்கு. ஒம்பது கான்ஃபரன்ஸ் மேட்ச்தான் ஒரு சீசனுக்கு. டிவிஷன்ல ஒம்பது டீம்னா எட்டு மேட்ச் உள்ளயே தீந்துடும். வெளிய ஆட மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அந்தப் பக்கம் இருக்குற ஒம்பது டீமயும் முறை வச்சு சுத்தினா, அயோவா சிட்டிக்கு மிச்சிகன் வர்றது 18 வருஷத்துக்கு ஒரு தடவை. உங்க பையன் பொறந்தப்ப பாத்திருந்தீங்கன்னா அவன் காலேஜ் சேர்றப்ப அடுத்தது. இத எப்படி ஒரே கான்ஃபரன்ஸ்னு சொல்றது, ஒரே போர்டு மாட்டின ரெண்டு கடை.

இது கற்பனை இல்ல, சின்ன அளவுல நடந்தே இருக்கு. ஓஹையோ ஸ்டேட்டும் இலினாயும் ஆடினா ஜெயிச்சவனுக்கு இல்லிபக்னு ஒரு ஆமை குடுப்பாங்க. 1925ல ஆரம்பிச்சப்ப நெஜ ஆமையாம், அது போனதுக்கப்புறம் மரத்துல செஞ்ச ஆமை. 2014ல கிழக்கு-மேற்குன்னு பிரிச்சதும் ரெண்டு டீமும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. 2017ல ஆடினதோட சரி, அடுத்து 2025லதான் ஆடினாங்க. நடுவுல 2020ல வரவேண்டிய ஒரே மேட்சும் கோவிட்ல போச்சு. எட்டு வருஷம் அந்த மர ஆமை ஓஹையோ ஸ்டேட்டோட ஊரான கொலம்பஸ்லயே ஒக்காந்திருந்துது, கேக்க ஆளில்ல.

அந்த கிழக்கு-மேற்கு நியாயமாவாவது இருந்துச்சா? 2014லேர்ந்து 2023 வரைக்கும் பத்து ஃபைனல், பத்தும் கிழக்கு. மொத வருஷமே ஓஹையோ ஸ்டேட் 59, விஸ்கான்சின் 0. ஓஹையோ ஸ்டேட், மிச்சிகன், பென் ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட் நாலையும் ஒரு பந்தில ஒக்கார வச்சுட்டு அடுத்த பந்திக்கு மோர் மட்டும் ஊத்தின கதை. சரி, அதுக்கு முன்னாடி பலம் பாத்து பிரிக்கலாம்னு மிச்சிகனயும் ஓஹையோ ஸ்டேட்டயும் ஆளுக்கொரு டிவிஷன்ல போட்டதுதான் அந்த லெஜண்ட்ஸ்-லீடர்ஸ். அப்ப என்ன பயம்னா, நவம்பர் கடைசி சனிக்கிழமை ரெண்டு பேரும் மோதிட்டு அடுத்த சனிக்கிழமை ஃபைனல்ல மறுபடி மோதணும். அந்த நவம்பர் சனிக்கிழமைக்கு இருக்குற மதிப்பு நேர்ல பாத்தாதான் புரியும். ஒரு வருஷம் அந்த வாரம் கொலம்பஸ்ல மச்சான் வீட்ல இருந்தேன், கேம்பஸ்ல நடந்து போனா போர்டுல எங்கெல்லாம் எம் எழுத்து இருக்கோ அதுமேல எல்லாம் சிவப்பு டேப்ல பெருக்கல் குறி. மிச்சிகனோட எம்மாம், கண்ணுல படக்கூடாதாம். பார்க்கிங் போர்டயும் விடல, நான் காரை எங்க விட்டேன்னு தேடினதுல மச்சான் கடுப்பாயிட்டான்.

இதெல்லாம் பாத்துட்டுதான் சொல்றேன், டிவிஷன்னா மேப்ல போடுற கோடு இல்ல தம்பி, வருஷா வருஷம் யார் கூட கண்டிப்பா ஆடுவோம்ங்கிற வாக்கு. அந்த வாக்க எட்டு பேருக்கு குடுக்க வேண்டியதில்ல, ரெண்டு மூணு பேருக்கு போதும். எஸ்ஈசிங்கிற தெற்குப் பக்க கான்ஃபரன்ஸ் இத முட்டி மோதி கத்துக்கிச்சு. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2012ல சேந்தது, 2023ல டிவிஷன் முடியுற வரைக்கும் ஜார்ஜியா ஒரு தடவை கூட அவங்க ஊருக்கு போய் ஆடல, பன்னெண்டு சீசன். அதே 2012ல வந்த, மேப்ல மேற்கா இருக்குற மிசூரிய கிழக்குல போட்டாங்க, மேப் பாத்தவன் தலைல அடிச்சுக்கிட்டான். இப்ப 2026லேர்ந்து ஒம்பது மேட்ச், மூணு எதிராளி நிரந்தரம், மிச்சம் ஆறு மாறி மாறி வரும். 16 டீம்ங்கிறதால ரெண்டு வருஷத்துல எல்லாரயும் பாத்துடலாம், நாலு வருஷத்துல எல்லாரும் ஒரு தடவை நம்ம ஊருக்கே வந்துட்டு போயிடுவாங்க. என்னக் கேட்டா இதுதான் இப்போதைக்கு நல்ல ஏற்பாடு. நாலு நாலா பிரிக்கலாமேன்னு அடுத்த லெட்டர் போடுவீங்க, அதையும் டபிள்யூஏசி 1996லயே 16 டீம வச்சு பண்ணிப் பாத்துச்சு. ஹவாய்லேர்ந்து டல்சா வரைக்கும் ஒரே கான்ஃபரன்ஸ், நாலு கூறு. மூணே சீசன், எட்டு டீம் கழண்டுக்கிச்சு.

டைபிரேக்கர் தலைவலி இருக்கத்தான் செய்யும், அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. 18 பேர்ல ஒம்பது பேரத்தான் பாக்குறோம்னா சமமா வர்றவன் எல்லாம் நேருக்கு நேர் மோதியிருக்க மாட்டான், 2024ல பென் ஸ்டேட்டும் இந்தியானாவும் 8-1, ரெண்டும் மோதவே இல்ல, பென் ஸ்டேட் உள்ள போச்சு. இந்தியானாக்காரன் கோவப்பட்டான்னா அது நியாயம்.

ஆனா அயோவால ஒக்காந்துக்கிட்டு நீங்க கோவப்படுறதுதான் எனக்கு புரியல. பிக் டென்ல நிரந்தர மேட்ச்னு 12 எழுதி வச்சிருக்காங்க, அதுல மினசோட்டா, நெப்ராஸ்கா, விஸ்கான்சின்னு மூணு உங்களுக்கு. வேற எவனுக்கும் மூணு கிடையாது. பென் ஸ்டேட்டுக்கு ஒண்ணுகூட இல்ல. மினசோட்டாவோட ஆடுற அந்த வெண்கலப் பன்னி இருக்கே, ஃப்ளாயிட் ஆஃப் ரோஸ்டேல், 1935ல ரெண்டு கவர்னர் பந்தயம் கட்டி தோத்தவர் நெஜப் பன்னிய கொண்டு போய் குடுத்த கதை, அது வருஷா வருஷம் தவறாம மைதானத்துக்கு வரும். அடுத்த தடவை அயோவா சிட்டிக்கு வர்றப்ப எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வைங்க, மிச்சத்த அங்க வந்து சண்டை போட்டுக்கலாம்.