ஒரு கோடை, ஏழு வரி

அன்புள்ள அக்காவுக்கு,

ஈரோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டு முடிந்து, இந்தக் கோடையில் கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தேன். மருந்துக்கடை, மளிகைக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் தயாரிக்கிறார்கள். ஸ்டைபண்ட் கிடையாது. பீளமேட்டில் பிஜியில் தங்கினேன். செலவெல்லாம் அப்பா கொடுத்தது.

முதல் இரண்டு வாரம் அவர்களுடைய மென்பொருளை என் லேப்டாப்பில் ஓட வைப்பதிலேயே போய்விட்டது. அப்புறம் சரிசெய்ய ஒரு பக், அதாவது மென்பொருள் பிழை, கொடுத்தார்கள். பில்லில் வாடிக்கையாளர் பெயர் தமிழில் இருந்தால் கடைசியில் வெட்டுப்படுகிறது. 'முத்துலட்சுமி' என்பது 'முத்துலட்சும' என்று அச்சாகிறது. தேடிப் பார்த்தால், பெயரை 12 எழுத்தோடு வெட்டும்படி கோடில் ஒரு வரி இருந்தது. சாட்ஜிபிடியிடம் கேட்டேன், 12-ஐ 20 ஆக்கு என்றது. ஆக்கி அனுப்பினேன். பெயர் பக்கத்தில் இருக்கும் பில் எண் மேல் ஏறுகிறது என்று டீம் லீட் திருப்பி அனுப்பினார். இரண்டாவது தடவை, தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்து எண்ணும்படி மாற்றினேன். 'ஸ்ரீ' உடைந்து 'ஸ்' மட்டும் நிற்கிறது, அகலமான எழுத்துகள் வந்தால் இப்போதும் இடிக்கிறது என்று மறுபடியும் திரும்பி வந்தது. மூன்றாவதாக, எண்ணுவதையே விட்டுவிட்டு, பெயரின் அகலத்தை அளந்து, மீந்தால் அடுத்த வரியில் போடும்படி எழுதினேன். சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் கேஸ் இல்லை என்று அதையும் திருப்பினார். எழுதிச் சேர்த்த பிறகுதான் என் மாற்றம் அவர்கள் மென்பொருளோடு மெர்ஜ் ஆனது. டெஸ்டைத் தவிர்த்தால் மாறியது ஏழு வரி. இரண்டு மாதத்துக்கு அவ்வளவுதான்.

என் வகுப்பில் ஒருத்தி பணம் கட்டி, ஆன்லைனில் சில வீடியோ பார்த்து, வீட்டில் இருந்தபடியே சர்டிபிகேட் வாங்கினாள். முழு இணையதளம் ஒன்றை உருவாக்கினார் என்று அதில் போட்டிருக்கிறது. வைவாவில் இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண். "என்ன கண்ணு செஞ்ச அங்க?" என்று அப்பா கேட்டார். பதில் சொல்ல வரவில்லை.

இந்த இரண்டு மாதம் வீணா அக்கா? பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் என்னவென்று சொல்வது? ஏழாவது செமஸ்டரிலும் வாரம் இரண்டு நாள் வரச் சொல்கிறார்கள். போகலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புத் தங்கைக்கு,

வீணாகவில்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். கல்லூரி மூன்று வருஷத்தில் காட்டாத ஒன்றை அந்த ஏழு வரி உனக்குக் காட்டியிருக்கிறது. நீ அதை வரிக்கணக்கில் அளப்பதால் கண்ணில் படவில்லை.

லேபில் உங்களுக்குக் கிடைப்பது காலித் திரை. ஒரு கணக்கு, ஒரு மணி நேரம், அவுட்புட் வந்தால் மதிப்பெண். வேலையில் காலித் திரை அபூர்வம். யாரோ கட்டி, யாரோ இடித்து, இன்னொருவர் சுவர் எழுப்பிய பழைய வீட்டுக்குள் ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் நுழைகிற மாதிரிதான் இருக்கும். எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று தடவித் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரம் நீ செய்தது அதுதான். எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன், எந்த ஃபைலில் எந்த பாஸ்வேர்டு என்று தேடி அலைந்ததை யாரும் வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் புதிதாகச் சேருகிற யாருக்கும், பத்து வருஷ அனுபவம் உள்ளவருக்கும்கூட, ஆரம்பம் இப்படித்தான்.

இனி அந்த பக்கைப் பார்ப்போம். நீ மூன்றே வாக்கியத்தில் தாண்டிப்போன இடம், எனக்கு மிகவும் பிடித்த இடம்.

'முத்துலட்சுமி'யை நாம் எண்ணினால் ஏழு எழுத்து: மு, த், து, ல, ட், சு, மி. கணினி எண்ணினால் 13. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் பொது முறை யூனிகோட். அதில் தமிழ் எழுத்துகள் இருக்கும் பகுதிக்கு 128 இடங்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளி ஒரு தனிக் குறி, உகரக் கொக்கி ஒரு தனிக் குறி, இகரச் சுழி ஒரு தனிக் குறி. ஆகவே 'மி' என்பது அதற்கு இரண்டு, 'ம'வும் அதன்மேல் ஏறும் சுழியும். பன்னிரண்டோடு வெட்டினால் கத்தி அந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 'ம' நிற்கிறது, சுழி போய்விடுகிறது. அதே பெயரை ஆங்கிலத்தில் அடித்துப் பார். சரியாக 12 எழுத்து, கச்சிதமாக அடங்கும். அந்த வரியை எழுதியவர் ஆங்கிலப் பெயர்களைப் போட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக வருகிறது என்று போயிருப்பார்.

சரி, பன்னிரண்டு என்று ஏன் வைத்தார்? கடையில் பில் வரும் அந்தச் சின்ன பேப்பர் ரோலின் அகலம் பல இடங்களில் 58 மில்லிமீட்டர். அதில் அச்சாகும் பகுதி 48 மில்லிமீட்டர், அதாவது 384 அச்சுப் புள்ளிகள். பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 12 புள்ளி அகலம், ஒரு வரிக்கு 32 எழுத்து. அதில் 12-ஐப் பெயருக்கு ஒதுக்கி, மிச்சத்தை பில் எண்ணுக்கு விட்டிருப்பார். அன்றைக்கு அது நல்ல கணக்கு. தமிழ் வந்ததும் அந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லாமல் போய்விட்டது. தெர்மல் பிரிண்டர் எனப்படும் இந்த வகை பிரிண்டர்களில் பொதுவாகத் தமிழ் எழுத்துரு இருக்காது, பெயரைப் படமாக வரைந்துதான் அனுப்பவேண்டும். படத்தில் 'ர'வின் அகலம் வேறு, 'ணௌ'வின் அகலம் வேறு. எத்தனை எழுத்து என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. எத்தனை புள்ளி என்றுதான் கேட்கவேண்டும்.

இப்போது நீ போன வழியைப் பார். முதல் தடவை எண்ணை மாற்றினாய். இரண்டாம் தடவை எண்ணும் முறையை மாற்றினாய். மூன்றாம் தடவை எண்ணுவதையே கைவிட்டாய். ஒவ்வொரு தடவையும் கேள்வி ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது. இந்த இறக்கம்தான் எங்கள் தொழில். சாட்ஜிபிடி முதல் படியிலேயே நின்றதற்குக் காரணம், அதன்முன் நீ வைத்தது ஒரே ஒரு வரி. பேப்பர் ரோலையும், பக்கத்தில் பில் எண் இருப்பதையும் அது பார்க்கவில்லை. அவற்றைச் சொல்லிக் கேட்டிருந்தால் மேலான பதில் வந்திருக்கலாம். ஆனால் எதைச் சொல்லவேண்டும் என்று தெரிவதற்கே அந்த பில்லைக் கையில் எடுத்துப் பார்த்த ஒருவர் தேவை.

உன் டீம் லீடைப் பற்றியும் சொல்லவேண்டும். கடிதத்தில் அவர்மேல் உனக்குக் கொஞ்சம் வருத்தம் தெரிகிறது. அவர் நினைத்திருந்தால் நீ மாற்றி அனுப்பிய முதல் கோட் (புல் ரிக்வெஸ்ட்) வந்ததுமே தானே பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டுப் போயிருக்கலாம். இன்டர்ன் எழுதியதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு வேறு எழுதிக்கொள்ளும் இடங்கள் நிறைய உண்டு. இவர் ஓட்டிப் பார்த்திருக்கிறார். 'ஸ்ரீ' என்று அடித்துப் பார்க்கத் தோன்றியிருக்கிறது அவருக்கு. எழுத்தைப் பிரிக்கும் பொதுவான யூனிகோட் விதி 'ஸ்ரீ'யை 'ஸ்', 'ரீ' என்று இரண்டாகத்தான் பார்க்கும், 'க்ஷ'வையும் அப்படியே. தமிழ் படித்துக்கொண்டே கோட் எழுதுகிறவருக்குத்தான் அந்த இடத்தில் சந்தேகம் வரும். அவர் எழுதிய கமெண்டுகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொள். இன்னொருவர் வேலையை எப்படிப் பார்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இவ்வளவு சொன்னேன் என்பதற்காக அந்த நிறுவனம் உனக்குப் பணம் தராததை நியாயம் என்று சொல்லமாட்டேன். உன் ஏழு வரி இன்று கடைகளில் ஓடுகிறது, அதற்குக் கடைக்காரர் காசு கொடுக்கிறார். உன் பிஜி வாடகையும் பஸ் காசும் கொடுக்கும் அளவுக்காவது அவர்கள் கொடுத்திருக்கவேண்டும். கற்றுக்கொடுக்கிறோமே என்பது பதிலாகாது, கற்றுக்கொண்டே நீ வேலையும் செய்திருக்கிறாய். எனக்கு இதில் இன்னும் பெரிய கவலை ஒன்று உண்டு. காசில்லாத இன்டர்ன்ஷிப்புக்கு யார் போகமுடியும்? இரண்டு மாதச் செலவை வீட்டில் தாங்கக்கூடியவர்கள் மட்டும்தான். உன் வகுப்பிலேயே, விடுமுறையில் ஜவுளிக்கடைக்கோ மில்லுக்கோ வேலைக்குப் போய் அடுத்த வருஷ ஃபீஸ் சேர்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதவு சாத்தியே கிடக்கிறது.

உன் ஜூனியர்களில் அப்படி யாராவது இருந்தால் கூகுள் சம்மர் ஆஃப் கோட் பற்றிச் சொல். 2005 முதல் நடக்கிறது. யாரும் கோடைப் பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருள் அமைப்புகளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், ஒரு வழிகாட்டி இருப்பார், உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பம் வழக்கமாக மார்ச், ஏப்ரல் வாக்கில் இருக்கும். அதற்குச் சில மாதம் முன்பே ஒரு திட்டத்தைப் பிடித்து, அதில் சின்னச் சின்ன பக் சரிசெய்து, அங்கே இருப்பவர்களுக்குப் பழக்கமாகியிருந்தால்தான் இடம் கிடைக்க வாய்ப்பு. போட்டி கடுமைதான். கிடைக்காவிட்டாலும் செய்த வேலை எல்லோர் பார்வைக்கும் அங்கேயே இருக்கும். உனக்கே நேரம் கிடைத்தால், ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தை எடுத்துப் பார். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வேலையை அதுவும் செய்கிறது. உன் டெஸ்ட் கேஸ்களை அதில் ஓட்டிப் பார்த்து, எங்காவது உடைந்தால் எழுதிப் போடு.

சர்டிபிகேட் வாங்கிய தோழியைப் பற்றி. எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் இல்லை. கல்லூரி இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று சொல்லிவிட்டு, எங்கே போவது என்று வழிகாட்டாமல், கடைசியில் ஒரு காகிதத்தை மட்டும் கேட்டால், காகிதம் விற்கிறவன் வரத்தான் செய்வான். காசு வாங்கிக்கொண்டு செய்யாத வேலையைச் செய்ததாக எழுதிக்கொடுப்பது மோசடி, அதை விற்பவர்கள்மேல்தான் கோபம். வைவாவில் இரண்டு பேரிடமும் "நீ மாற்றியதில் ஒரு இடத்தைக் காட்டு, ஏன் மாற்றினாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதைக் கேட்காத ஆசிரியர்கள் உனக்கு மட்டும் அநியாயம் செய்யவில்லை, அவளுக்கும்தான் செய்தார்கள். அவள் அந்தக் காகிதத்தோடு இன்டர்வியூவில் போய் உட்காரப்போகிறாள்.

நீ உட்காரும்போது, எனக்கு எழுதியதை அப்படியே சொல். ரெஸ்யூமில் 'பில்லிங் மென்பொருள் உருவாக்கினேன்' என்று போடாதே. அதைப் படித்துவிட்டு முழு மென்பொருளையும் பற்றிக் கேட்பார்கள், மாட்டிக்கொள்வாய். 'தெர்மல் பிரிண்டர் பில்லில் தமிழ்ப் பெயர்கள் வெட்டுப்படும் பிழையைச் சரிசெய்து டெஸ்ட் எழுதினேன்' என்று ஒரு வரி போடு. கட்டாயம் அதைப் பற்றிக் கேட்பார்கள். முதலில் என்ன செய்தாய், ஏன் திரும்பி வந்தது, அப்புறம் என்ன செய்தாய் என்று வரிசையாகச் சொல். திரும்பி வந்ததை மறைக்காதே. இன்டர்வியூ எடுக்கும் இடத்தில் நான் பலதடவை இருந்திருக்கிறேன். அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்போம்.

அப்பாவுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. பழைய பில் ஒன்று, புது பில் ஒன்று, இரண்டையும் அவர் கையில் கொடு. "இது இப்படி வந்துட்டிருந்துச்சு, இப்ப இப்படி வருது, நான் சரி பண்ணுனேன்" என்று சொல். செலவு செய்து அனுப்பியவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு.

ஏழாவது செமஸ்டரில் போவதைப் பற்றி. போகலாம், ஆனால் பணம் பேசிவிட்டுப் போ. இரண்டு மாதம் உன் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள், ஆகவே கூச்சப்படாமல் கேள். எவ்வளவு, எந்தத் தேதியில் என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொள். அதே டீம் லீடின் கீழ்தானா என்றும் கேள். வேறு யாரிடமாவது போட்டு, டேட்டா என்ட்ரி மாதிரி வேலை தருவதாக இருந்தால் வேண்டாம். வருகைப்பதிவு 75 சதவீதம் என்ற விதி உங்களுக்கும் இருக்கும். வாரத்தில் இரண்டு வேலை நாள் போனால் மிச்சம் அறுபதுதான். கல்லூரி ஓ.டி. (வெளிவேலைக்குப் போன நாளுக்கும் வருகை) தருமா என்று துறைத்தலைவரிடம் இப்போதே எழுத்தில் வாங்கு. தரமாட்டோம் என்றால் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் நேரில் வருகிறேன், மிச்சத்தை வீட்டிலிருந்து செய்கிறேன் என்று அவர்களிடம் சொல்லிப் பார். பிளேஸ்மென்ட் நடக்கும் வாரங்களில் வரமுடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா