ப்ளஸ் டூ முடித்த மகளை ஆடிட்டர் ஆபீஸில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இந்த ஆண்டு ப்ளஸ் டூ வணிகவியல் பிரிவில் 521 மதிப்பெண். கணக்குப்பதிவியலில் 97. சிஏ படிக்க ஆசைப்படுகிறாள். எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம்தான் ஆதாரம். தெரிந்த ஆடிட்டர் ஒருவர், "மாதம் ஆறாயிரம் தருகிறேன், ஆபீஸில் வேலை பழகட்டும். கரஸில் பி.காம். போட்டுவிடுங்கள். இதெல்லாம் சிஏ ட்ரெயினிங் கணக்கில் வந்துவிடும்" என்கிறார். இன்னொரு பக்கம், ப்ளஸ் டூ முடித்தவர்களுக்குச் சம்பளத்துடன் மூன்று வருட அக்கவுண்ட்ஸ் பயிற்சி என்று ஒரு விளம்பரம். அங்கே ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்கிறார்கள். எதில் சேர்ப்பது?
- ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மகளுக்கு எங்கள் வாழ்த்துகள். அந்த ஆடிட்டர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது சரியல்ல. சிஏ படிப்பில் பயிற்சி என்று கணக்கில் ஏறுவது, ஆடிட்டரிடம் முறைப்படி பதிவு செய்து பெறும் ஆர்ட்டிகிள்ஷிப் ஒன்றுதான். 2023-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின்படி அது இரண்டு ஆண்டு. முதலில் ஃபவுண்டேஷன் என்ற நுழைவு நிலைத் தேர்வில் தேற வேண்டும், பிறகு அடுத்த நிலையான இன்டர்மீடியட்டின் (இன்டர்) இரண்டு குரூப்பும், அதாவது இரண்டு பாடத் தொகுதியும், தேற வேண்டும். அதன் பிறகுதான் சிஏ படிப்பையும் தேர்வையும் நடத்தும் ஐசிஏஐயில் பதிவு செய்து ஆர்ட்டிகிளாகச் சேர முடியும். அதற்கு முன் ஐந்து வருடம் ஆபீஸுக்குப் போனாலும் பயிற்சிக் காலத்தில் ஒரு நாள்கூடக் கழியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்ந்த பிள்ளைகள் டேட்டா என்ட்ரியிலேயே மூன்று நான்கு வருடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் களைத்து வீடு திரும்பியபின் ஃபவுண்டேஷன் புத்தகத்தைத் திறக்க முடிவதில்லை.

கரஸில் பி.காம். என்ற யோசனையையும் கைவிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் உங்கள் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அஞ்சல் வழியில் சேர்ந்தால் அது கிடைக்காது. திருவாரூர் திரு.வி.க. கல்லூரி, கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் ரெகுலர் பி.காம். சேர்ந்தால் செலவும் பெரிதாக இருக்காது. இதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. பி.காம். பட்டத்தில் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேரடியாக இன்டர்மீடியட்டில் பதியலாம். ஃபவுண்டேஷனில் இரண்டு முறை தவறிவிட்டால்கூட வழி அடைபடாது.

அதனால் எங்கள் யோசனை: ரெகுலர் பி.காம்., கூடவே ஃபவுண்டேஷன். கல்லூரி முடிவதற்குள் இன்டரில் ஒரு குரூப்பாவது தேறிவிட வேண்டும். பட்டம் வாங்கி, மீதி குரூப்பையும் முடித்துவிட்டு ஆர்ட்டிகிள்ஷிப். பகல் கல்லூரியும் ஆர்ட்டிகிள்ஷிப்பும் ஒரே நேரத்தில் ஓடாது. ஆர்ட்டிகிள்ஷிப்பில் வாரத்துக்கு 35 மணி நேரம் ஆபீஸில் இருந்தாக வேண்டும்.

ஃபவுண்டேஷனில் நான்கு தாள், தாளுக்கு 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 40 எடுத்தாக வேண்டும், மொத்தத்தில் 400-க்கு 200 வர வேண்டும். நான்கிலும் 45 எடுத்தால் 180, அது ஃபெயில்தான். ஆகவே உங்கள் மகளுக்குப் பலமான அக்கவுண்டிங்கில் 70-ஐத் தாண்டி எடுத்து மற்ற தாள்களின் குறையை ஈடுகட்ட வேண்டும். பள்ளியில் வணிகக் கணிதம் படிக்கவில்லையென்றால் மூன்றாம் தாளைக் கண்டு பயப்படுவாள். அதில் கணிதத்துக்கு 40 மதிப்பெண்தான். மீதி 60-ல் புள்ளியியலுக்கு 40, தர்க்கத் திறனுக்கு 20. இந்த இரண்டையும் முதலில் கையில் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாம், நான்காம் தாள்கள் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. ஒரு தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். நான்கு தவறு என்றால் ஒரு மதிப்பெண். தெரியாத கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே விடச் சொல்லுங்கள்.

தமிழ் வழிப் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டாம் தாளான வணிகச் சட்டத்தில். சிஏ தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழ் இல்லை. கணக்குத் தாளில் எண்களே பாதி பேசிவிடும், சட்டத் தாளில் முழு வாக்கியமாக எழுத வேண்டும். நல்ல வழி ஒன்று உண்டு: தினம் ஒரு கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது, கேள்வியில் நடந்தது என்ன, ஆகவே முடிவு என்ன என்று மூன்று பத்தியாக ஆங்கிலத்தில் எழுதி, ஐசிஏஐ இணையதளத்தில் இருக்கும் மாதிரி விடையோடு ஒப்பிட வேண்டும். மனப்பாடம் செய்வதைவிட இது பலிக்கும். ஐசிஏஐயே இலவச நேரலை வகுப்புகளும் நடத்துகிறது. வெளியே கோச்சிங்குக்குப் பெரிய தொகை கட்டுமுன் ஒரு மாதம் அதைப் பார்க்கட்டும்.

தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை, ஜனவரி, மே, செப்டம்பர் வாக்கில். பதிந்து நான்கு மாதம் படித்திருக்க வேண்டும். செப்டம்பர் 1-க்குள் பதிந்தால் ஜனவரியில் எழுதலாம். நவம்பர் செமஸ்டர் முடிந்து படிக்க நேரம் கிடைக்கும், அது வசதி. ஆனால் உங்கள் வீட்டில் பொங்கலும் சம்பா அறுவடையும் அந்த மாதத்தில்தான். தீபாவளிக்குள் சட்டத் தாள் பழகியிருந்தால் ஜனவரி, இல்லையென்றால் தயங்காமல் மே.

இனி அந்த ஆடிட்டர் ஆபீஸ். அதை அடியோடு விட வேண்டாம். செமஸ்டர் விடுமுறையிலும் சனிக்கிழமைகளிலும் போகட்டும். சம்பளம் கேட்க வேண்டாம், வேலையைக் கேட்கட்டும். ஒரு மாதச் சுழற்சியை முழுதாகப் பார்த்தாலே போதும். 7-ந்தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்டுவது, 11-ந்தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரத் தாக்கல், 14-ந்தேதி வரும் 2பி என்ற கொள்முதல் பில் பட்டியல், 15-ந்தேதி பிஎஃப், 20-ந்தேதி 3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல். 2பி வந்ததும் வாங்கிய பில்களை அதோடு ஒத்துப்பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பில் கையில் இருக்கும், பட்டியலில் இருக்காது. விற்றவர் இன்னும் தாக்கல் செய்யாமல் இருக்கலாம், ஜிஎஸ்டி எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கலாம், நம்மவர் வேறு மாதத்தில் ஏற்றியிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளையை எந்த ஆபீஸும் விடாது.

டேலி என்ற கணக்கு மென்பொருளில் கவனிக்க இன்னொன்று. அரிசி மில், உரக்கடைக் கணக்குகளில் ரொக்க இருப்பு சில நாளில் மைனஸில் நிற்கும். கல்லாவில் இல்லாத பணத்தை யாரும் செலவழிக்க முடியாது. விற்பனையை மாதக் கடைசியில் மொத்தமாக ஏற்றியிருப்பார்கள், செலவை அன்றன்றைக்கு ஏற்றியிருப்பார்கள். சரியான மருந்து, தேதிவாரியாக விற்பனையைப் பிரித்து ஏற்றுவது. முதலாளி கைமாற்று கொடுத்ததாக ஒரு பொய் என்ட்ரி போட்டு மறைக்கிற வழக்கமும் உண்டு. அதை யார் சொன்னாலும் பழகக் கூடாது. அரிசி மில் பில்லில் 26 கிலோ மூட்டை ஏன் வருகிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி. அதைத் தாண்டிய மூட்டைக்கு இல்லை. சட்டம் வியாபாரத்தை எப்படி மாற்றுகிறது என்பது புத்தகத்தைவிட அங்கே சீக்கிரம் விளங்கும்.

விளம்பரத்தில் வந்த பயிற்சிக்கு ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவதுதான் முறை. அதோடு மூன்று கேள்விகள் கேளுங்கள்: அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதிவாகுமா, பாதியில் விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, மூன்று வருட முடிவில் கையில் கிடைப்பது பல்கலைக்கழகப் பட்டமா அல்லது அவர்களே அச்சடித்த சான்றிதழா. எழுத்தில் பதில் தர மறுத்தால் வந்துவிடுங்கள்.

செலவுக்கு: ஃபவுண்டேஷன் பதிவுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக் கட்டணம் தனி. பதிவு நான்கு ஆண்டு செல்லும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்குமுன் பாருங்கள். மாறியிருந்தால் ஆதாரை முதலில் திருத்துங்கள். சந்தேகம் இருந்தால் கும்பகோணத்திலோ திருச்சியிலோ உள்ள ஐசிஏஐ கிளைக்கு மகளையே நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.